புகைக்கு வந்த கண்ணீர்

2023ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் இலங்கை மலையகத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் ஒரு லயம், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு, எரிந்தது. முன்பக்கம் பத்தும் அதன் முதுகோடு ஒட்டிப் பின்பக்கம் பத்துமாக இருபது காம்பராக்கள் (குடும்பத்துக்கு ஒன்றான அறைகள்) கொண்ட இரட்டை லயம் அது. கூரைக்கு அடியில் மரச்சட்டங்கள் ஒரே தொடராக ஓடியதாலும், அடுப்புக்கு மேலே எல்லோரும் விறகு காய வைத்திருந்ததாலும், ஒரு முனையில் பிடித்த தீ மறுமுனைக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஆட்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நேரம். பிள்ளைகள் பாடசாலையிலும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்திலும் இருந்தார்கள்; வீட்டில் இருந்த வயதானவர்கள் எப்படியோ வெளியே வந்துவிட்டார்கள். ஓர் உயிரும் போகவில்லை என்பதை இன்றைக்கும் நினைத்து ஆறுதல் அடைகிறேன்.

நான் அந்தத் தோட்டத்தில் பிறந்து, அந்தத் தோட்டத்துப் பாடசாலையிலேயே படிப்பிக்கிறவள். பாடசாலை விட்டு நான் மேலே ஏறிப் போனபோது தகரங்கள் சுருண்டு கிடந்தன. சுவர்கள் மட்டும் கறுத்து நின்றன. சாம்பலுக்கு நடுவே ஒரு பெரியம்மா குனிந்து எதையோ குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தபோது இரண்டு கண்களிலிருந்தும் நீர் வழிந்து, கன்னத்துக் கரியில் இரண்டு வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தது. நான் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே அப்போது எனக்கு வரவில்லை.

மூன்று மணிக்கு அந்தப் படத்தை முகநூலில் போட்டு, "எல்லாவற்றையும் இழந்து கதறும் இந்தத் தாயின் கண்ணீரைத் துடைக்க உங்கள் கரங்கள் நீளாதா?" என்று எழுதினேன். இப்படிப்பட்ட வாக்கியங்களை நாம் யோசித்து எழுதுவதில்லை. அவை ஏற்கெனவே எழுதப்பட்டு விரல் நுனியில் காத்திருக்கின்றன. உண்மையில் அந்த நேரத்தில் என் மனத்தில் கதறல் எதுவும் இல்லை. முதலில் பயம் இருந்தது, ஏனென்றால் என் தாயார் இன்னமும் இதே மாதிரியான இன்னொரு லயத்தில்தான் இருக்கிறார். அதற்கு அடியில் ஒரு வெட்கம் இருந்தது, ஏனென்றால் நான் மட்டும் டவுனில் வாடகை வீட்டில், தனிச் சுவரும் தனிக் கூரையுமாக இருக்கிறேன். இந்த இரண்டையும் நான் எழுதவில்லை. பயமும் வெட்கமும் என்னுடையவை, கண்ணீர் இன்னொருவருடையது. என்னுடையதை மறைத்து வைத்துவிட்டு, இன்னொருவருடையதைக் கடை விரித்தேன்.

பதிவு ஓடியது. இரவு ஒன்பது மணிக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்திருந்தார்கள். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தோஹாவிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் அழைப்புகள் வந்தன. நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துத்தான் படுத்தேன்.

மறுநாள் காலையில், எரிந்த வீட்டுக்காரர்கள் தங்கியிருந்த எங்கள் பாடசாலை மண்டபத்தில், அந்தப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். அவருடைய பேரன் தன் கைப்பேசியில் பதிவைக் காட்டி, வாசித்தும் காட்டியிருக்கிறான்.

"ஏம் புள்ள, நான் எப்ப கதறுனேன்?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. கணக்குப் பிழையைக் கண்டுபிடித்தவரின் குரல்தான் இருந்தது. "பொகை கண்ண எரிச்சிச்சி. நான் சங்கத்துக் கொப்பியல்ல தேடிக்கிட்டு இருந்தேன்."

சங்கம் என்று அவர் சொன்னது மரண உதவிச் சங்கத்தை. அவர் பதினெட்டு ஆண்டுகளாக அதன் பொருளாளர். தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், சங்கத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்த தொகையைக் கொடுக்கும். பெட்டி, பந்தல், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி, தப்பு அடிப்பவர்களுக்குக் கூலி எல்லாம் அதிலிருந்து போகும். காரியம் முடிந்ததும் பொருளாளர் கோயில் முன்றலில் நின்று, வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார். சாவு வீட்டுக்காரர் கை நீட்டிக் கேட்க வேண்டியதில்லை. நேற்று அவர் கொடுத்தார், இன்று அவருக்கு வருகிறது, நாளை மறுபடியும் கொடுப்பார். நான் 'தாய்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிய மனுஷி, நூற்றைம்பது குடும்பங்களின் கைக்காசை ஒரு சதம் பிசகாமல் வைத்திருந்தவர். எரிந்த காம்பராவுக்குள் அவர் முதலில் தேடியதும் தன் நகையை அல்ல, மற்றவர்களின் கணக்கை.

கொப்பி கிடைத்திருந்தது. அதையும் எனக்குக் காட்டினார். சிவப்பு மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி; ஒரு மூலை வில்லாக எரிந்து போயிருந்தது; தண்ணீர் ஊற்றியதில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவர் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, மண்டபத்தின் ஜன்னல் கம்பியில் துணி காயப் போடுவதைப் போலப் போட்டிருந்தார். பேர் எல்லாம் தெரிந்தது; சில இடங்களில் தொகைகள்தான் எரிந்துவிட்டன. "தொகை எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்.

நான் செய்தது ஏன் அவ்வளவு விரைவாகப் பலித்தது என்பதற்கு ஆய்வாளர்கள் எப்போதோ விடை கண்டிருக்கிறார்கள். டெபோரா ஸ்மால், ஜோர்ஜ் லோவென்ஸ்டீன், போல் ஸ்லோவிக் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கையில் ஐந்து டொலர் கொடுக்கப்பட்டவர்களிடம் ஆபிரிக்காவின் பசிக்கு உதவி கேட்கப்பட்டது. மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 2.38 டொலர் கொடுத்தார்கள். இலட்சக்கணக்கானவர்களின் பட்டினியைப் பற்றிய எண்களை மட்டும் வாசித்தவர்கள் 1.14 டொலர்தான் கொடுத்தார்கள். சிறுமியின் படத்தோடு அந்த எண்களையும் சேர்த்துக் காட்டியபோது 1.43 டொலருக்கு இறங்கிவிட்டது. ஒரு முகம் இருந்தால் கை நீளும். அந்த முகத்துக்குப் பக்கத்தில் எண்களை எழுதினால் கை மடங்கும். இந்த ஆய்வை அறியாமலே முகநூலில் உதவி கேட்கும் நாங்கள் எல்லோரும் இதைப் பழகியிருக்கிறோம். எந்தப் படம் ஓடும், எந்த வாக்கியம் ஓடும் என்று நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு நம்முடைய உருக்கம் எங்கே முடிகிறது, உத்தி எங்கே தொடங்குகிறது என்பது நமக்கே பிடிபடாமல் போய்விடுகிறது.

நான் பதிவைத் திருத்தினேன். "கதறும்" என்பதை எடுத்துவிட்டு, அவர் யார், என்ன தேடினார் என்பதை அவருடைய சம்மதத்தோடு எழுதினேன். பேர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. அதற்குள் பெரிய பக்கங்கள் சில அந்தப் படத்தை வெட்டி, சோகமான இசை சேர்த்து, தங்கள் முத்திரையையும் குத்திப் பரப்பியிருந்தன. ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுதினேன். இரண்டு பக்கங்கள் எடுத்துவிட்டன. ஒன்று என்னைத் தடை செய்தது. மற்றவை பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பொருட்கள் வரத் தொடங்கின. கண்ணீருக்கு ஏற்ற பொருட்களே வந்தன என்று சொல்ல வேண்டும். பதினொரு மூட்டைப் பழைய துணி வந்தது. அதில் கையில்லாத சட்டைகளும், கல்யாண வீட்டுக்குக் கட்டும் ஜரிகைச் சேலைகளும், ஒரு மூட்டையில் நீச்சல் உடைகூட இருந்தன. தை மாதத்தில் எங்கள் பக்கம் விடியற்காலையில் புல்லின் மேல் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஒரு கம்பளிகூட வரவில்லை. தவறு கொடுத்தவர்களுடையது அல்ல. கண்ணீரைத் துடைக்கத்தான் நான் கேட்டேன். கண்ணீரைத் துடைக்க எந்தத் துணியும் போதும்.

மண்டபத்தில் இருந்தவர்கள் உண்மையில் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கேட்டேன். பிறப்புச் சாட்சிப்பத்திரங்களைப் பற்றிப் பேசினார்கள். அடையாள அட்டைகள், கல்யாணப் பதிவு, சேமலாப நிதிக் கடதாசிகள், கிளினிக் கொப்பிகள். எங்கள் சனத்துக்குக் கடதாசி என்பது வெறும் கடதாசி அல்ல என்பதை வெளியில் இருப்பவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்கள் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சியிருந்தவர்களின் கணக்குத் தீர 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் கடதாசி இல்லாததற்காக அவமானப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், தகரப் பெட்டியோடு கடதாசி எரிந்து போனதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பயத்தைப் படம் பிடிக்க முடியாது. அதை எழுதத்தான் முடியும், நான் எழுதவில்லை.

அன்றிரவு எழுதிய பதிவில் முதன்முறையாக என் மனத்தில் இருந்ததை இருந்தபடியே வைத்தேன். எரிச்சலாக இருக்கிறது என்று எழுதினேன். மூட்டைகளைப் பிரித்துப் பிரித்துக் கை வலிக்கிறது என்றும், முதல் பதிவில் நான் எழுதியது உண்மை இல்லை என்றும், பயத்திலும் வெட்கத்திலும் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன் என்றும் சொன்னேன். துணி வேண்டாம், இருபது குடும்பங்களுக்கும் சாட்சிப்பத்திரப் பிரதிகள் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போய்வர மூன்று நாள் வான் கூலி வேண்டும், அந்த மூன்று நாளும் மலைக்குப் போகாததால் போகும் நாட்கூலி வேண்டும், முப்பத்தொரு பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வேண்டும், நாற்பது கம்பளி வேண்டும் என்று எண்ணோடு எழுதினேன். பிள்ளைகளுக்கு அரசு தந்த சீருடைத் துணியும் எரிந்தவற்றில் சேர்த்தி. அப்போது ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா. அதுவும் சொன்ன அளவு கொழுந்து பறித்து, முழுநாள் பேர் விழுந்தால்தான்.

இந்தப் பதிவு ஓடவில்லை. முதல் பதிவைப் பகிர்ந்தவர்களில் பத்தில் ஒரு பங்கு ஆட்கள்கூட இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கொடுப்பதை வாங்கத் தெரியாதவர்களுக்கு இவ்வளவு வாயா என்று ஒருவர் எழுதினார். அந்த வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பொய் எழுதியபோது ஒருவரும் என்னைத் திட்டவில்லையே என்பது அதைவிடக் கூடுதலாக உறுத்தியது. ஆனால் இந்தப் பதிவைப் படித்து வந்தவர்கள் வேறு மாதிரி ஆட்கள். ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவர், துணி கொண்டு வாருங்கள், முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் சீருடை நான் தைத்துத் தருகிறேன், அளவு மட்டும் சரியாக எடுத்து வாருங்கள் என்றார். ஓய்வு பெற்ற கிராம சேவகர் ஒருவர் மண்டபத்துக்கே வந்து, மூன்று பகல் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். பதிவாளர் பிரிவும் பிறந்த ஆண்டும் தெரியாமல் தடுமாறிய கிழவர்களிடம், "எந்தத் துரை இருந்த காலம்?" என்று தோட்ட நிர்வாகியின் பெயரைக் கேட்டு ஆண்டைக் கண்டுபிடித்த வித்தையை நான் அன்றுதான் பார்த்தேன்.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிவாரணப் பொதி கொண்டுவந்த ஒரு குழு, பதாகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு பொதிக்கும் ஒரு படம் என்று தொடங்கியது. எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் பிள்ளை முகத்தைத் திருப்பியபோது, "இந்தப் பக்கம் பாரும்மா, சிரி" என்றார்கள். முதல் நாள் பெரியம்மாவிடம் நான் கண்ணீர் எடுத்தேன், இவர்கள் எரிந்த வீட்டுப் பிள்ளையிடம் சிரிப்பு எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கொடுத்தவர்களுக்கு அத்தாட்சி வேண்டும் என்பது நியாயம்தான். பொதிகளை அடுக்கிப் படம் எடுங்கள், பெற்றுக்கொண்டதாக நான் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தருகிறேன் என்றேன். பாதிப் பொதியை இறக்கிவிட்டு, மீதியோடு போய்விட்டார்கள். என்னால் பாதிப் பொதி போனது என்று மண்டபத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அவர்கள் முணுமுணுத்ததிலும் நியாயம் இருந்தது. அந்தப் பாதிப் பொதியில் பால்மா இருந்தது.

பணம் வந்த பாதை இன்னும் சிக்கலானது. கோஃபண்ட்மீ போன்ற தளங்களில் திரட்டும் பணத்தை இலங்கை வங்கிக் கணக்கு ஒன்றுக்கு நேரடியாக எடுக்க வழி இல்லை. அதனால் டொரொன்டோவில் இருக்கும் எங்கள் பழைய மாணவி ஒருத்தி தன் பெயரில் திரட்டி, கொழும்பில் இருக்கும் தன் அண்ணனுக்கு அனுப்பி, அவர் எனக்கு அனுப்பினார். மூன்று கை மாறி வந்த பணம். எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனாலும் எந்தக் கையில் எவ்வளவு நின்றது, வங்கிக் கட்டணம் எவ்வளவு போனது என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. உதவி செய்பவரிடம் கணக்குக் கேட்பதா என்ற கூச்சம். பெரியம்மாவுக்கு அந்தக் கூச்சம் துளியும் இல்லை. "அவுகளுக்குத்தான் புள்ள அது நல்லது. நாளைக்கு ஒருத்தன் ஒரு சொல்லுச் சொல்லிறக் கூடாதில்ல" என்றார். கேட்டேன். மாணவி எல்லா ரசீதையும் அன்றைக்கே அனுப்பினாள். யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன் டீச்சர் என்றும் எழுதினாள்.

கணக்கை எழுதியது பெரியம்மாதான். ஜன்னலில் காய்ந்த கொப்பியின் எரியாத பக்கம் ஒன்றில் கோடு போட்டு, இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது என்று பிரித்தார். லொறிக்காரருக்கு வாங்கிக் கொடுத்த தேத்தண்ணியையும் வடையையும் எழுதச் சொன்னார். அதையெல்லாமா என்று நான் கேட்டபோது, சின்னக் காசை விட்டவர் பெரிய காசையும் விட்டிருப்பார் என்றுதான் சனம் நினைக்கும் என்றார். கடைசியில் 4,260 ரூபா மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று மண்டபத்தில் கேட்டு, பாடசாலைக்கு ஒரு தீயணைப்புக் குப்பி வாங்க ஒதுக்கினோம். காசு போதவில்லை, அதிபர் மீதியைப் போட்டார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து முகநூலில் போட்டேன். எரிந்த மூலையோடு, பெரியம்மாவின் சாய்ந்த கையெழுத்தோடு. நாற்பத்து மூன்று பேர் விருப்பம் இட்டார்கள். என் பக்கத்தில் நான் இட்ட படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அதே ஆண்டில்தான் எங்கள் சனம் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நடந்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'மாண்புமிகு மலையக மக்கள்'. நான் அந்தப் பெயரைப் பதாகையில் பார்த்தபோது, என்னுடைய பழைய பதிவு ஞாபகத்துக்கு வந்து முகம் சூடேறியது. எங்களைப் பற்றிய பரிதாபப் படங்களை வெளியார்தான் எடுக்கிறார்கள் என்று மாணவர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தபோது எங்களுக்குச் சில நாட்கள் மின்சாரமும் சிக்னலும் இல்லை. கைப்பேசி மறுபடி உயிர் பெற்றதும் வட்ஸ்அப்பில் நூற்றுக்கணக்கான செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண் சரிந்தபோதும் நான் பார்த்தேன்: முதல் நாட்களில் சொல்லப்பட்ட காணாமற்போனோர் தொகை பிறகு வெகுவாகக் குறைந்தது, ஆனால் பகிர்ந்தவர்கள் திருத்தவில்லை. அதனால் இந்த முறை ஒவ்வொரு செய்தியையும் நிறுத்தி வாசித்தேன். அப்படி வாசித்தபோதுதான் அந்தப் படம் வந்தது. கரி படிந்த கன்னத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள். "மண்ணுக்குள் தன் பிள்ளைகளைத் தேடும் தாய்" என்று எழுதி, கீழே ஒரு வங்கிக் கணக்கு இலக்கமும் போட்டிருந்தார்கள்.

அனுப்பியவர் எனக்குத் தெரிந்த நல்ல மனிதர். அவருக்கு விளக்கி எழுதினேன். அந்தக் கணக்கோடு இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. முகநூலில் முறைப்பாடு செய்தேன். என் பக்கத்தில் பழைய படத்தையும் கணக்குப் பக்கத்தையும் அருகருகே வைத்து, இந்த அம்மா ஒரு மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர், நலமாக இருக்கிறார், இந்தப் படம் 2023இல் நான் எடுத்தது, முதலில் இதற்குப் பொய் எழுதியதும் நான்தான் என்று எழுதினேன்.

மறுநாள் மழை விட்டதும் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். மகளின் காம்பராவில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சரிவில் வீடு போன பக்கத்துத் தோட்டத்துக் குடும்பங்களுக்காகச் சங்கம் திரட்டிய காசை எண்ணிக்கொண்டிருந்தார். புதுக் கொப்பி, நீல மட்டை. படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"இத வச்சி எவ்வளவு வந்துச்சாம்?" என்று கேட்டார். "எங்கயாச்சும் வாசிச்சாங்களா?"